பாதி செத்த சுவர்

குகைக்குள் நாற்பத்தாறு விளக்குகள். அத்தனைக்கும் அவர் ஒருவர்தான் பொறுப்பு. அதனால் அவருக்குப் பெயரே விளக்குக்காரர் என்று ஆகிவிட்டது. வீட்டம்மாகூடக் கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவாராம். பத்தொன்பது வருடமாக, வாசல் திறக்க இரண்டு மணி நேரம் இருக்கும்போதே உள்ளே போய்விடுவார். எரியாத பல்பை மாற்றுவது பாதி வேலைதான். மீதிப் பாதி பாசியோடு மல்லுக்கட்டுவது. விளக்கு வெளிச்சம் விழுகிற பாறையில் எல்லாம் பச்சைப் பாசி படியும். மருந்தடிக்கிற டப்பாவை முதுகில் மாட்டிக்கொண்டு பிளீச்சிங் தண்ணீர் அடித்து, கால் மணி நேரம் ஊறவிட்டு, தேய்த்துக் கழுவ வேண்டும். அந்த வாடை அவர் சட்டையை விட்டுப் போய் நான் பார்த்ததில்லை.

அதே குகையில் வருகிறவர்களுக்குச் சுற்றிக்காட்டுகிற வேலை அவருடைய சகலைக்கு. அக்காவை இவர் கட்டினார், தங்கையை அவர் கட்டினார். ஆபீசில் சொல்லி அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே விளக்குக்காரர்தான். சகலைக்கு வாய் அப்படி. ஒரு கல்லை யானை என்பார், கூட்டமே தும்பிக்கையைத் தேடும். சுற்று முடிந்ததும் கை தட்டுவார்கள். விளக்கு எரிந்ததற்கு இதுவரை யாரும் கை தட்டியது கிடையாது. அணைந்தால் மட்டும் ஆளைத் தேடுவார்கள். வீட்டிலும் அதே கதை. கல்யாணம் காட்சி என்று போனால் சகலையைச் சுற்றி ஒரு கும்பல் நிற்கும். இவரைக் கூப்பிட்டு, ஃபேன் சத்தம் போடுகிறது, கொஞ்சம் என்னவென்று பாருங்கள் என்பார்கள்.

இவருக்கென்று இருந்தது ஒரே ஓர் இடம். இருபத்தொன்பதாவது விளக்கைத் தாண்டினால் பாதை வளைகிறது. அந்த வளைவில் விளக்கே இல்லாத ஒரு சுவர். இரண்டு கையை விரித்தால் எவ்வளவோ அவ்வளவு அகலத்துக்கு வெள்ளையாக ஒரு பூச்சு, வெண்ணெய் மாதிரி மெத்தென்று இருக்கும். படித்தவர்கள் அதை நிலாப்பால் என்கிறோம். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், என்னதான் அது என்று பார்க்க, வலது கட்டைவிரலை நகம் மறையும் அளவுக்கு அதன் நடுவில் அழுத்தியிருக்கிறார். சுவரைத் தொட்டால் வேலை போகும் என்பது சட்டம். அதனால் யாரிடமும் மூச்சு விடவில்லை. வருடா வருடம் பராமரிப்புக்காகக் குகையை மூடுகிற வாரத்தில் டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்ப் பார்ப்பார். குழி மெல்ல மெல்லத் தூர்ந்துகொண்டே வந்தது. பன்னிரண்டாவது வருடம் ஒரு சின்னப் பள்ளம்தான் மிச்சம். பாறை வளர்கிறது என்று அவருக்கு மட்டும் தெரியும்.

அந்த வருடம் மனசு கேட்காமல் மனைவியிடம் சொல்லிவிட்டார். மனைவி தங்கையிடம் சொன்னார். தங்கை யாரிடம் சொல்லியிருப்பார் என்று சொல்லவா வேண்டும்?

அடுத்த வாரம் விளக்குக்காரர் ஏணியில் நின்று இருபத்தொன்பதாவது பல்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, சகலை கூட்டத்தை அந்த வளைவில் நிறுத்தினார். டார்ச்சை அடித்தார். அந்த டார்ச்சுக்குக் காலையில் சார்ஜ் போட்டுக் கொடுத்ததும் விளக்குக்காரர்தான்.

"பன்னெண்டு வருஷத்துக்கு முன்னால இங்க எனக்குக் கால் வழுக்கிச்சு. விழாம இருக்கச் சுவத்தப் புடிச்சேன். என் கட்டைவிரல் பதிஞ்ச இடம் இதுதான். இப்பப் பாருங்க, குகையே அத மூடிக்கிட்டு வருது."

எல்லோரும் கை தட்டினார்கள். ஏணி ஆடியது என்று விளக்குக்காரர் பிற்பாடு சொன்னார். ஏணி ஆடியிருக்காது, கால்தான் ஆடியிருக்கும்.

நான் அங்கே போனது அதற்கு இரண்டு மாதம் கழித்து. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். கல்லிலே பூச்சி புழு பார்க்கவா இவ்வளவு படிப்பு என்று ஊரில் கேட்டவர்களுக்கு, ஆமாம் என்று தலையை நிமிர்த்தித்தான் பதில் சொல்வேன். குகைச் சுவரில் சுண்ணாம்பு படிவதற்குத் தண்ணீர் மட்டும் காரணமா, கண்ணுக்குத் தெரியாத உயிர்களும் கூடச் சேர்ந்து கட்டுகின்றனவா என்பதுதான் என் ஆராய்ச்சி. சகலை அந்தச் சுவரைக் காட்டினார், விரல் கதையையும் சொன்னார். புதிதாக என்ன படிகிறது என்று பார்க்க, சுவரோடு ஒட்டி வலது பாதியில் ஆறு, இடது பாதியில் ஆறு என்று பன்னிரண்டு கண்ணாடித் துண்டுகளை வைத்தேன். விளக்குக்காரர் எனக்கு வெளிச்சம் பிடித்தார்.

பதினாலு மாதம் கழித்து எடுத்துப் பார்த்தால், வலது பக்கத்து ஆறிலும் வெள்ளையாகத் தூள் படிந்து, நூல் நூலாக ஓடியிருந்தது. இடது பக்கத்து ஆறும் கழுவி வைத்த மாதிரி. இரண்டு பக்கமும் ஒரே ஈரம், ஒரே தண்ணீர்; நானே அளந்திருந்தேன். என் பேராசிரியை ஒத்துக்கொள்ளவில்லை. காரணம் சொல்ல முடியாத கணக்கை வைத்துக்கொண்டு எதையும் எழுத முடியாது, வேறு குகையில் முதலிலிருந்து ஆரம்பி என்றார். முன்வேலையோடு சேர்த்து இரண்டு வருடம் ஆற்றோடு போயிற்று.

மூட்டை கட்டுகிற அன்றைக்கு சுவிட்ச் அறையில் உட்கார்ந்திருந்தேன். விளக்குக்காரர் ஒயர் சீவிக்கொண்டிருந்தார். ஆராய்ச்சி போனாலும் விரல் அடையாளத்தைப் பற்றி ஒரு சின்னக் குறிப்பாவது எழுதுவேன், அதில் அவருடைய சகலைக்கு நன்றி போடுவேன் என்று பேச்சுவாக்கில் சொன்னேன்.

சீவுகிற கை நின்றது. "யாரு பேரு?"

"உங்க சகலை பேருதாண்ணே. விரல் அவரோடதுதானே."

"தம்பி, அது என் விரல்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் அதையே சொல்கிறார், இவரும் அதையே சொல்கிறார், குழியும் தூர்ந்துவிட்டது, எதை வைத்து நம்புவது என்று கேட்டேன்.

அவர் கத்தியை மடித்து வைத்தார். "எடது பக்கம் ஏன் வளரலன்னு எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியுமான்னு போய்க் கேளு."

பிறகு எல்லாவற்றையும் கொட்டினார். அந்தக் கைத்தட்டலுக்கு மறுநாள் காலையில் டப்பாவை மாட்டிக்கொண்டு போயிருக்கிறார். எனக்கில்லாதது அவனுக்கும் வேண்டாம் என்று இடது ஓரத்திலிருந்து பிளீச்சிங் அடிக்க ஆரம்பித்திருக்கிறார். விரல் இருந்த இடம் வந்ததும் கை நகரவில்லை. அந்த வாரத்தில் மூன்று நாள் போயிருக்கிறார். மூன்று நாளும் அதே இடத்தில் கை நின்றுவிட்டது.

கேட்டதும் எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை, வயிற்றெரிச்சல். ஒரே சுவர், ஒரே தண்ணீர். பாதியில் உயிர் இருக்கிறது, பாதியில் கொன்றாகிவிட்டது. இப்படி ஒரு சோதனையை நான் கனவில்தான் செய்திருக்க முடியும், எந்தக் கமிட்டியும் அனுமதி கொடுத்திருக்காது. படித்தவன் நான். செய்து முடித்தவர் பாசி கழுவுகிறவர், அதுவும் சகலை மேல் இருந்த கடுப்பில்.

அந்த உயிர்கள் செய்வது பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. சுவரில் கசிகிற தண்ணீரில் சுண்ணாம்பு கரைந்திருக்கிறது. நூல் மாதிரிப் படர்ந்திருக்கும் நுண்ணுயிர்கள் கிடைத்ததைத் தின்று கழிவை விடும்போது, சுற்றியுள்ள தண்ணீரின் புளிப்பு குறைகிறது. புளிப்பு குறைந்தால் சுண்ணாம்பு கரைந்தே இருக்க முடியாது. அந்த நூல்களின் மேலேயே வந்து படிகிறது. இடது பக்கம் அவற்றைப் பிளீச்சிங் கொன்றுவிட்டதால், தண்ணீர் வந்தது, போனது. அவ்வளவுதான்.

ஆனால் இதை எழுதினால், மருந்தடித்தது யார் என்றும் எழுத வேண்டும். அவர் வேலைக்கு ஆபத்து. யாரோ ஒருவர் என்று போட்டுவிடுகிறேன் அண்ணே என்றேன்.

"யாரோன்னு போட்டா, அந்த யாரோ நான்தான்னு அவன் நாளைக்கே சொல்லிக்குவான். என் பேரப் போடு."

பிளீச்சிங்கே சுண்ணாம்பைத் தடுத்திருக்கலாமே என்று பேராசிரியை கேட்டார். ஆய்வுக்கூடத்தில் குகைத் தண்ணீரைத் தட்டுகளில் ஊற்றி, வலது பக்கத்து உயிர்களைச் சேர்த்து, பாதித் தட்டுகளில் அவற்றைப் பிளீச்சிங் இல்லாமல் சூட்டால் மட்டும் கொன்று பார்த்தேன். உயிர் இருந்த தட்டில்தான் வெள்ளை படிந்தது. அவர் அதற்குமேல் வாதாடவில்லை. ஆபீஸ் விளக்குக்காரரை விசாரித்தது. வேலையை விட்டு அனுப்பவில்லை, ஆனால் குகைக்குள் கால் வைக்கக் கூடாது என்று சொல்லி, வாசலில் டிக்கெட் கிழிக்க உட்காரவைத்தது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன், நாற்பத்தாறு விளக்கைக் கொடுத்து ஒரு பேர் வாங்கினவரை இப்போதுதான் பார்க்கிறேன் என்றாராம் வீட்டம்மா.

பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வில் என்னிடம் கேட்ட நாலு கேள்வியில் மூன்று அந்த டப்பாவைப் பற்றித்தான். டாக்டர் பட்டம் எனக்குத்தான் கிடைத்தது. இருந்தாலும் அன்றைக்கு ராஜா விளக்குக்காரர்தான். இன்னும் அது எனக்கு உறுத்துகிறது.

ஆய்வேட்டை எடுத்துக்கொண்டு போய் அவரிடம் காட்டினேன். தன் பெயர் இருந்த பக்கத்தை மெதுவாகப் படித்தார், கட்டைவிரலை அதன் மேல் வைத்தார். விரலை ரொம்ப நேரம் எடுக்கவே இல்லை. பிறகு கேட்டார்: "அவன் பேரு எங்கேயும் இல்லயே?"

"இடத்தக் காட்டினவர்னு ஒரு வரி இருக்குண்ணே."

தேடிக் கண்டுபிடித்தார். "இதையும் எடுத்திருக்கலாம்," என்று சொல்லி மூடிக் கொடுத்தார்.

அடுத்த கூட்டம் வந்தது. உள்ளே சகலை தயாராக நின்றார். விளக்குக்காரர் ஒவ்வொரு டிக்கெட்டாகக் கிழித்துக்கொடுத்து, குரலைத் தாழ்த்தி எல்லோரிடமும் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார்.

"இருபத்தொன்பதாவது வெளக்கு தாண்டி எடது பக்கம் பாருங்க. வலது பக்கத்த அவரே காட்டுவாரு."