பதினாலாம் நம்பர் வயிறு

என் தங்கையின் வயிற்றில் ஒரு கட்டி இருந்தது, எனக்கு இல்லை. அந்த வருஷம் எங்கள் இருவருக்கும் நடந்த அத்தனை சண்டைக்கும் இது ஒன்றுதான் காரணம். இப்போது சொன்னால் என் பேத்திகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்களுக்குப் பொறாமைப்பட ஆயிரம் சாமான் கிடக்கிறது. எட்டு வயதில் எனக்கு வாய்த்தது அந்தக் கட்டி மட்டும்தான்.

வல்லத்திராக்கோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். யுத்த காலம். ஐப்பசி மழையில் கண்மாய் நிறைந்தால், கூடவே ஊருக்குள் குளிர்க் காய்ச்சலும் வந்துவிடும். வந்தவர்கள் கம்பளியைச் சுற்றிக்கொண்டு வெயிலில் உட்கார்ந்து நடுங்குவார்கள். விட்டதும் எழுந்து வயலுக்குப் போவார்கள். அதை ஒரு நோய் என்று யாரும் கணக்கில் சேர்த்ததாக நினைவில்லை. அப்படி இருந்த ஊருக்குத்தான் புதுக்கோட்டையிலிருந்து சைக்கிளில் ஒரு மலேரியா இன்ஸ்பெக்டர் வந்து இறங்கினார். காக்கி அரைக்கால் சட்டை, தலையில் தொப்பி, சைக்கிளின் பின்னால் ஒரு மரப்பெட்டி.

வந்த மனுஷர் காய்ச்சல்காரர்களைத் தேடிப் போகவில்லை. நேரே பள்ளிக்கூடத்துக்கு வந்து எங்களை வரிசையாக நிற்கவைத்து, ஒவ்வொருவராகப் பெஞ்சில் படுக்கச் சொல்லி, இடதுபக்க விலாவுக்குக் கீழே விரல்களை வைத்து அமுக்கினார். காய்ச்சல்காரனை விட்டுவிட்டு விளையாடுகிற பிள்ளைகளின் வயிற்றை எதற்குத் தடவுகிறீர்கள் என்று என் அப்பா அவரிடமே கேட்டுவிட்டார்.

“காய்ச்சல் வரும், போகுங்க. மண்ணீரல் வீங்கினா லேசுல வடியாது. எத்தனை புள்ளைகளுக்கு வீங்கியிருக்குன்னு பாத்தா ஊர்ல எவ்வளவு மலேரியா இருக்குன்னு சொல்லிறலாம். ஆப்பிரிக்காவுலகூட இப்படித்தான் பாக்குறாங்க.”

அதற்கப்புறம் அப்பா போகிற வருகிறவர்களை எல்லாம் நிறுத்தி, ஆப்பிரிக்காவிலும் வயிற்றைத்தான் அமுக்குகிறார்களாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

என் முறை வந்தது. மூச்சை இழுத்து வயிற்றை எவ்வளவு உப்ப முடியுமோ அவ்வளவு உப்பினேன். இரண்டு அமுக்கு அமுக்கிவிட்டு, “ஒண்ணுமில்ல, எந்திரி” என்றார். எனக்குப் பின்னால் என் தங்கை. என்னைவிட ஒரு வயது சின்னவள். அவள் வயிற்றில் வைத்த கை அப்படியே நின்றது. மறுபடி அமுக்கினார். விரலால் அளந்தார். “மண்ணீரல் ரெண்டு விரல்” என்று அவர் சொல்ல, வாத்தியார் எழுதிக்கொண்டார். அந்த வீக்கத்தைத்தான் ஊரில் கட்டி என்றார்கள். அன்றிலிருந்து அவளுக்குப் பட்டப்பெயரே ரெண்டு விரல் என்று ஆகிவிட்டது. பட்டம் கட்டிய ராணி மாதிரி அவள் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடந்ததைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வயிறு பார்த்த பிள்ளைகளுக்கெல்லாம் நம்பர் அடித்த தகரத் தகடு ஒன்று கொடுத்தார். கழுத்தில் மாட்டிக்கொள்ளச் சொல்லித்தான் கொடுத்தார். எங்கள் ஊர்ப் பெண்கள் கேட்பார்களா? நோய்க்கென்று ஒருவர் கொடுத்த தகடு தாயத்தோடு இருப்பதுதான் முறை என்று அத்தனை பேரும் பிள்ளைகளின் அரைஞாண் கயிற்றில் கட்டிவிட்டார்கள். அடுத்த முறை வந்தபோது ஒரு கழுத்திலும் தகடு இல்லாததைப் பார்த்து அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். வயிற்றைத் திறந்தால் நம்பரும் தெரிகிறது என்று கண்டபின் அப்படியே விட்டுவிட்டார். எனக்குப் பதினாலு. அவளுக்குப் பதினஞ்சு.

கட்டிக்காரிக்கு நடந்த உபசாரத்தைக் கேளுங்கள். தினம் மலேரியாவுக்கான கொயினா மாத்திரை. அது கசக்கும் என்று கூடவே ஒரு துண்டு கருப்பட்டி. ஆட்டுப்பால். அலையக் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம், அதனால் ஆடு மேய்க்கிற வேலை, சாணி பொறுக்குகிற வேலை, தண்ணீர் தூக்குகிற வேலை எல்லாம் என் தலையில். வியாழக்கிழமைதோறும் வருகிற இன்ஸ்பெக்டர், “எங்க நம்ம ரெண்டு விரலு?” என்று கேட்டுக்கொண்டேதான் சைக்கிளை நிறுத்துவார். மாட்டுத் தொட்டியில் கொசுப்புழு நெளிகிறது என்று கண்டுபிடித்து அவரைக் கையைப் பிடித்து இழுத்துப் போனவள் நான். அவரும் நீளக் கரண்டியால் அள்ளி, வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றிப் பார்த்து, பேஷ் என்றார். அப்புறம்? சைக்கிள் பாரில் ஏறி ஊரைச் சுற்றி வந்தது அவள்!

இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். எங்கள் அம்மாவை நாங்கள் ஆத்தா என்றுதான் கூப்பிடுவோம். ஆத்தா வாயில் நல்ல வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. மூதேவி, சனியனே, எங்க போய்த் தொலைஞ்ச, இதுதான் எங்கள் பெயர். அந்த ஆத்தா அவளை மடியில் போட்டுக்கொண்டு, வயிற்றைத் தடவியபடி, “ஏ ராசாத்தி, ஒரு வாய் குடிச்சிருத்தா” என்று கெஞ்சுகிறாள். நான் தண்ணீர்க் குடத்தோடு வாசலில் நின்று பார்க்கிறேன். வயிறு எரிந்தது என்று சும்மா சொல்வார்களே, எனக்கு நிஜமாகவே எரிந்தது.

கட்டி வரவழைக்க என்னென்னவோ செய்தேன். சாயங்காலம் ஊருணிக் கரையில் பாவாடையை முழங்கால்வரை ஏற்றிவிட்டுக் கொசுவுக்குக் காலை நீட்டி உட்கார்ந்தேன். நன்றாகக் கடித்தன. சொறிந்து சொறிந்து புண் வந்ததே தவிரக் காய்ச்சல் வரவில்லை. கொசுவுக்குக்கூட அவளைத்தான் பிடிக்கிறது என்று முடிவு கட்டினேன்.

தை மாதம் என்று நினைக்கிறேன், எல்லாப் பிள்ளைகளுக்கும் ரத்தம் எடுக்கப் போவதாகச் சொன்னார்கள். யுத்தத்தால் கொயினா வரத்துக் குறைந்துவிட்டது, இனி ரத்தத்தில் கிருமி இருக்கிறவர்களுக்கு மட்டும்தான் மாத்திரை என்றார் இன்ஸ்பெக்டர். ரத்தம் எடுக்க வேறு ஆள் வருவார், விரலில் குத்தி ஒரு சொட்டைக் கண்ணாடியில் தடவி, தகட்டு நம்பரை எழுதிக்கொண்டு போவார், பட்டணத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள் என்றும் விளக்கமாகச் சொன்னார். அவ்வளவு விளக்கமாகச் சொல்லியிருக்க வேண்டாம்.

ரத்தம் எடுக்கிற அன்று காலை கிணற்றடியில் குளிக்கும்போது தங்கையிடம், “ஒன் தகடு துருப்புடிச்சுப் போச்சு புள்ள. என்னுது பளபளன்னு இருக்கு, வேணுமா?” என்று கேட்டேன். அவளுக்கு வாயெல்லாம் பல். அவளுக்கு இன்னும் பத்துக்கு மேல் எண் தெரியாது. ஆத்தாவுக்கு ஒன்றிலிருந்தே தெரியாது. அரைஞாணிலிருந்து அவிழ்த்து மாற்றிக் கட்ட எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ரத்தம் எடுக்க வந்தவர் எங்கள் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவள் ரத்தம் பதினாலு ஆனது. என் ரத்தம் பதினஞ்சு. வீட்டுக்கு வந்ததும் நைசாகப் பேசி என் தகட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து இன்ஸ்பெக்டர் காகிதத்தோடு வந்தார். பதினாலுக்குக் கிருமி இருக்கிறது, பதினஞ்சுக்கு இல்லை. என் வயிற்றை இரண்டு தடவை அமுக்கினார், அவள் வயிற்றை மூன்று தடவை. “இதுக்கு இன்னும் வீங்கல. அதுக்கு வடிய நாளாகும்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பதினைந்து நாள் மாத்திரையைப் பொட்டலம் கட்டி என் கையில் கொடுத்தார். பக்கத்தில் நின்ற ஆத்தா, “இவளுக்குமாங்க சார்?” என்று கேட்டாள். அவள் குரல் கம்மிப்போயிருந்தது. நான் அதைக் கவனித்தேன். கவனித்துச் சந்தோஷப்பட்டேன், சண்டாளி.

ஐந்து நாள் நான் ராஜ்யம் ஆண்டேன். மாத்திரை நாக்கை அறுத்தது, காதுக்குள் வண்டு கத்தியது. போகட்டும். கருப்பட்டி எனக்கு, ஆட்டுப்பால் எனக்கு, மடி எனக்கு. தங்கை கம்பை எடுத்துக்கொண்டு ஆடு ஓட்டிப் போவதை ஆத்தா மடியில் தலையை வைத்துக்கொண்டே பார்த்தேன். அவள் திரும்பிப் பார்த்தபோது நாக்கைத் துருத்திக் காட்டினேன்.

ஆறாம் நாள் மத்தியானம் அவளை அப்பா தோளில் போட்டுத் தூக்கி வந்தார். பொட்டலில் ஆடுகளுக்கு நடுவே சுருண்டு கிடந்தாளாம். உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. இருக்கிற துணியெல்லாம் போர்த்தியும் நடுக்கம் நிற்கவில்லை. நிலவேம்புக் கஷாயம் கொடுத்தார்கள். மறுநாள் தெளிந்தது. அதற்கு மறுநாள் இன்னும் மோசமாக வந்தது. அந்த வியாழக்கிழமை பார்த்து இன்ஸ்பெக்டரும் வரவில்லை, வேறு ஊரில் வேலையாம். இவளுக்குத்தான் கிருமி இல்லையென்று காகிதமே சொல்லிவிட்டது, அப்புறம் இது என்ன காய்ச்சல், எந்தச் சாமி குற்றம் என்று ஆத்தா மருகினாள். இந்தப் பக்கம் ஒரு பாயில் நான், அந்தப் பக்கம் ஒரு பாயில் அவள். ஆத்தா இருவருக்கும் நடுவே சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்து, என் வயிற்றில் ஒரு கையும் அவள் வயிற்றில் ஒரு கையும் வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுச் சித்தி எட்டிப் பார்த்து, “ரெண்டும் இப்புடிக் கெடந்தா நீ என்னாத்தா பண்ணுவ” என்று புலம்பிவிட்டுப் போனாள்.

அவளுக்கு வேண்டிய மாத்திரை என் தலைமாட்டில் இருந்தது. எனக்கு அது தெரியும். சொன்னால் மடி போய்விடும், தோலும் உரிந்துவிடும். சொல்லாவிட்டால்? அதை யோசிக்காமல் இருக்கச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தேன். மூன்றாவது நடுக்கத்தில் அவள் பற்கள் கடகடவென்று அடித்துக்கொள்கிற சத்தம் கேட்டுத் திரும்பினேன். அவள் கண் என்மேல்தான் இருந்தது. ஆனால் என்னைத் தெரியவில்லை. என்னைப் பார்த்து, “ஆத்தா, தண்ணி” என்றாள்.

எழுந்து உட்கார்ந்து ஓவென்று அழுதேன். “நாந்தான் ஆத்தா தகட்டை மாத்திக் கட்டினேன். அந்த ரத்தம் அவளோடது. மாத்திரை அவளுக்குத்தான்.”

ஆத்தாவுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. விளங்கியதும் பொட்டலத்தைப் பிரித்து, ஒரு மாத்திரையை நுணுக்கித் தண்ணீரில் கரைத்துத் தங்கையின் வாயில் ஊற்றினாள். அந்தப் பொட்டலத்து மாத்திரையில்தான் அவள் தேறினாள். இன்றைக்கும் என்னோடு சண்டை போட்டுக்கொண்டு நன்றாகவே இருக்கிறாள், அது வேறு கதை. அப்புறம் ஆத்தா என் பக்கம் திரும்பினாள். அகப்பையா, விறகா என்று நான் கையால் தலையை மூடிக்கொண்டேன்.

அடி விழவில்லை. என் பாவாடையை இறக்கி இடதுபக்கம் அமுக்கினாள். மறுபடி அமுக்கினாள்.

“அப்ப ஒனக்கு ஒண்ணுமில்லையா?”

“இல்ல ஆத்தா.”

“என்மேல சத்தியமா?”

“சத்தியமா.”

ஆத்தா சிரித்தாள். கண்ணீர் கன்னத்தில் ஓடிக்கொண்டிருக்க, வாய்விட்டுச் சிரித்தாள். என் கன்னத்தை வழித்துத் தன் நெற்றியில் நெட்டி முறித்தாள். வாசலுக்கு ஓடி, மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்து, “ஏங்க, இங்கிட்டு வாங்க! பெரியவளுக்கு ஒண்ணுமில்லையாம்! அவளுக்கு ஒண்ணுமே இல்லையாம்!” என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள்.

என்னால் தாங்க முடியவில்லை. அவள் என்னை வெளுத்திருந்தால் வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்திருப்பேன். எனக்குக் கட்டி இல்லை, கிருமி இல்லை, இனி மடியில் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை என்றதும் பெற்ற தாய்க்கு இவ்வளவு கொண்டாட்டமா? அன்று சாயங்காலம்வரை சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தேன். ஆத்தா மூன்று தடவை சாப்பிடக் கூப்பிட்டாள். மூன்று தடவையும், எனக்குத்தான் ஒண்ணுமில்லையே, நீ போய் அவளைப் பாரு என்று அழுதுகொண்டே சொன்னேன்.