பிந்தி வந்த காதுப் பாடம்

இன்று காலை வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டாள். "மிஸ், புத்தகத்துல குரல்வளைதானே முதல் பாடம். நீங்க ஏன் காதுல தொடங்குறீங்க?" வாயில் வந்த ஏதோ ஒரு பதிலைச் சொல்லிவிட்டு, மேசையில் கழன்று கிடந்த பிளாஸ்டிக் குரல்வளையை ஒட்ட உட்கார்ந்தேன். வருசத்துக்கு நாலு தரம் ஒட்டுகிறேன், அதுவும் கழன்றுகொண்டே இருக்கிறது. எனக்கு அலுத்துவிட்டது. பேச்சும் கேட்டலும் படிக்க வரும் பிள்ளைகளுக்கு உடற்கூறு சொல்லிச் சொல்லியே என் தொண்டை போய்விட்டது, அது வேறு கதை.

பசை மணம் வந்தால் எனக்கு பிஸ்கட் பெட்டிதான் ஞாபகம் வரும். நான் படித்த காலத்தில் முதல் தவணை முழுக்கத் தொண்டை. லீவுக்குக் கற்பிட்டிப் பக்கம் வீட்டுக்குப் போய், பிஸ்கட் பெட்டி அட்டையை வெட்டி ஒட்டி, குரல் நாணுக்கு இரண்டு ரப்பர் பட்டி இழுத்துக் கட்டி ஒரு குரல்வளை செய்தேன். ஆறு மாதப் படிப்பில் அரை டாக்டராகிவிட்ட திமிர். உம்மா அதைப் பார்த்து, "எலிப்பொறியா புள்ள?" என்றா.

வாப்பா எங்கள் சின்னப் பள்ளிவாசலின் மோதினார், பாங்கு சொல்லித் தொழுகைக்கு அழைக்கிறவர். ஒலிபெருக்கி இல்லாத பள்ளி. இரண்டு காதிலும் விரலை வைத்துக்கொண்டு அவர் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னால், கடற்கரையில் கிழிந்த வலை பொத்துகிறவர்கள் அப்படியே வைத்துவிட்டுத் தொழ வருவார்கள். அந்த லீவில் அவர்கள் வருவது நின்றுபோனது. பள்ளி நிர்வாகத்தில் இருந்த ஒருவர் வீட்டுக்கே வந்து, "உங்கட சத்தம் கரைக்கு வருதில்ல. ஏலாட்டிச் சொல்லுங்க, வேற ஆளப் பாப்பம்" என்றார். வாப்பாவுக்கு முகம் செத்துப் போனது. பாங்கு சொல்வதைத் தவிர அவருக்குப் பெருமை என்று வேறொன்றும் இருக்கவில்லை.

"நான் கத்தித்தான் சொல்றன் மகள். எனக்கு நல்லாக் கேக்குது" என்றார் என்னிடம்.

அந்த ஒரு வார்த்தையிலேயே எல்லாம் இருந்தது. எனக்கு விளங்கவில்லை. கரண்டிக் காம்பால் நாக்கை அமுக்கி, டோர்ச் அடித்துப் பார்த்து, "குரல் நாண் வீங்கி இருக்கு வாப்பா. நாளையில இருந்து ஒரு மாசம் வாயே திறக்கக் கூடாது" என்றேன். டோர்ச் அடித்தால் குரல் நாண் தெரியவே தெரியாது. இப்போது அதே பிழைக்குப் பிள்ளைகளைத் திட்டுகிறேன். படித்த மகள் சொல்லிவிட்டாள் என்று அவர் வாயை மூடிக்கொண்டார். ஐஸ் ஃபெக்டரியில் வேலை செய்த ஒருவர் அவருக்குப் பதிலாகப் பாங்கு சொன்னார். நல்ல வெண்கலக் குரல். மாதம் முடிந்தும் வாப்பாவைத் திரும்பக் கூப்பிடவில்லை.

இரண்டாம் தவணையில் காது வந்தது. நடுக்காதில் மூன்று குட்டி எலும்புகள், கடைசி எலும்பு அரிசியிலும் சின்னது. அது இறுகிப் போனால் வெளிச் சத்தம் சரியாக உள்ளே போகாது. தன் குரல் மட்டும் மண்டையோட்டு வழியாகப் போய்ப் பெரிதாகக் கேட்கும். அதனால் அந்த ஆள் தன்னை அறியாமலே மெதுவாகப் பேசுவார். விரிவுரையாளர் இதைச் சொன்னபோது, "எனக்கு நல்லாக் கேக்குது" என்று வாப்பா சொன்னது ஞாபகம் வந்தது. வாப்பாவுக்கு விரலை எடுத்த பிறகும் காது அடைத்தபடிதான் இருந்திருக்கிறது.

அடுத்த லீவுக்கு, தட்டினால் ரீங்காரமிடும் இசைக்கவை ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு போனேன். காதருகே பிடித்தேன், இல்லை என்று தலையாட்டினார். காதுக்குப் பின்னால் எலும்பில் அதன் அடியை வைத்தேன். கண் விரிந்தது. "ஓம், கேக்குது மகள்."

"பிழை தொண்டையில இல்ல வாப்பா, காதுல" என்று சத்தமாகச் சொன்னேன். "நான்தான் மாறிச் சொல்லிட்டன்."

இசைக்கவையை வாங்கி, தானே தட்டிக் காதுக்குப் பின்னால் இன்னொரு தரம் வைத்துப் பார்த்தார். பிறகு, "அப்ப எனக்கு இன்னும் பாங்கு சொல்ல ஏலுமே" என்றார்.

அதற்குள் பள்ளியில் ஒலிபெருக்கி ஒன்று வாங்கிப் பூட்டியாகிவிட்டது. நிர்வாகத்திடம் போய்க் கெஞ்சிப் பார்த்தேன். "இப்ப எல்லாம் நல்லாத்தானே நடக்குது தங்கச்சி" என்றார்கள். காதுக் கருவி ஒன்று எடுத்துக் கொடுத்தேன், அது அலுமாரியிலேயே கிடந்தது. சத்திரசிகிச்சைக்கு அவர் ஓம் சொல்லவே இல்லை. மற்றவர் சொல்லும் பாங்கு அவருக்குக் கேட்கவுமில்லை. அஸர் நேரம் முற்றத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு, "சொல்லியாச்சா?" என்று உம்மாவிடம் கேட்பார்.

இப்போது வாப்பாவும் இல்லை, உம்மாவும் இல்லை. பள்ளியை மாடியாகக் கட்டி, நாலு பக்கமும் ஒலிபெருக்கி வைத்திருக்கிறார்கள். வாப்பாவின் குரல் ஒரு கசெட்டில்கூட இல்லை. அவர் கடைசியாகச் சொன்ன பாங்கை நானாவது காது கொடுத்துக் கேட்டிருக்கலாம். அந்த நேரம் பிஸ்கட் பெட்டியை ஒட்டிக்கொண்டு இருந்தேன்.