கனி ராவுத்தர் இறங்கிய பக்கம்

வேலந்தாவளம் மாட்டுச் சந்தையில் கயிறும் கழுத்துமணியும் விற்கிற கனி ராவுத்தருக்கு எல்லை என்பதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. ஊடு கேரளாவில், பேங்கு தமிழ்நாட்டில். செக்போஸ்ட்டைத் தாண்டிப் போய் டீ குடித்துவிட்டு வருகிற மனுசன். விமானம் ஏறவும் அந்தப் பக்கத்து சனம் கொச்சி நெடும்பாசேரிக்கு அலையாது, கிட்டக்க இருக்கிற கோயமுத்தூருக்குத்தான் போகும்.

அந்தப் புத்திதான் அவரைக் கவிழ்த்தது.

மகள் ஹஸ்னாவுக்கு சைப்ரஸ் நாட்டுத் தலைநகரம் நிக்கோசியாவில் நர்ஸ் வேலை. கல்யாணமாகி ஒன்பது வருசம் கழித்துப் பெண் குழந்தை. "ஏழாம் நாள் நீங்கதான் அத்தா புள்ள காதுல பாங்கு சொல்லிப் பேர் வெக்கோணும்" என்று போனில் அழுதாள். விசாவும் அனுப்பி, லார்னகாவில் இறங்கச் சொல்லியிருந்தாள். டிக்கெட் எடுக்கப் போன இடத்தில் இவர் வரைபடத்தைப் பார்த்தார். அட, நிக்கோசியாவுக்கு இன்னும் கிட்டக்க ஒரு விமான நிலையம்! "இதை உட்டுப்போட்டு எதுக்குச் சுத்தோணும்?" என்று அதற்கே எடுத்துவிட்டார். பிள்ளைகளைத் திடுக்கிட வைக்கலாமென்று, எங்கே இறங்கப் போகிறார் என்பதை யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஏழாம் நாள் காலையில் வந்து இறங்கியாயிற்று. டாக்சி ஒரு கடைவீதி முனையில் விட்டது. ஒரு சோதனைக் கூண்டில் பாஸ்போர்ட்டைக் காட்டி நடந்தார். நட்டநடு ஊரில் மணல்மூட்டை, ஆளில்லாத வீடுகள், சன்னல் வழியே எட்டிப்பார்க்கும் செடி. என்னடா கொடுமை இது என்று நடையை எட்டிப்போட்டார். அடுத்த கூண்டில் இருந்த அதிகாரி விமான நிலைய முத்திரையைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டி வந்த வழியைக் காட்டினான்.

மருமகன் நௌஃபலைப் போனில் பிடித்தார். ஹஸ்னா ஆபரேசன் தையலோடு படுக்கையில் கிடந்ததால், அவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து அந்தப் பக்கம் நின்றார். இடையில் நாற்பது அடி, பேச்செல்லாம் போனில்தான்.

"ஏன் மாமா இப்படிப் பண்ணீங்க? ஊரை ரெண்டாப் பிரிச்சு அம்பது வருசமாச்சு. கிரேக்கக்காரங்க இங்க, துருக்கிக்காரங்க அங்க. அங்க இறங்கினவங்களை இவங்க உள்ள விடறதில்லைங்க."

கனிக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. "அப்ப நீங்க புள்ளையத் தூக்கிட்டு இங்க வாங்க மாப்ளே."

"எனக்கு இங்க தங்கற கார்டு இருக்குது. புள்ளைக்கு இன்னும் ஒரு காயிதமும் இல்லீங்க. கொண்டுவந்தா மறுபடி உள்ள விட மாட்டாங்க."

போனில் சொல்வது ஒரு பாங்கா? காதோடு வாய் வைத்தல்லவா சொல்ல வேண்டும்? "நீங்களே சொல்லிருங்க மாப்ளே" என்றார்.

நௌஃபல் குனிந்தார். உதடு அசைவது மட்டும் தெரிந்தது. ஒரு வெள்ளைக்காரச் சோடி ஐஸ்கிரீம் தின்றபடி பாஸ்போர்ட்டை ஆட்டிக்காட்டி இவரை உரசிக்கொண்டு அந்தப் பக்கம் போனது. கனி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

போன் அடித்தது. ஊரிலிருந்து பாத்து, அவர் சம்சாரம்.

"ஏனுங்க, பேத்தியத் தூக்குனீங்களா? கைக்குக் கனமா இருக்குதா?"

"தெரியலை பாத்து" என்றார் கனி.