கறுப்புக் கதவில் சவரிமுத்து

சிகாமட்டிலிருந்து அரிசி மூட்டை ஏற்றி வந்த லாரிக்காரர்தான் செய்தியைச் சொன்னார். எங்கள் ரப்பர்த் தோட்டத்து ஆபீஸ் வாசலில் ரசீதை நீட்டிக்கொண்டே, "கிராணி, நம்ம கீறல் சவரி போயிட்டாருங்க. ஆறு நாளாச்சு. வெள்ளத்துல நின்னு மூட்டை எறக்குனவருக்குக் காய்ச்சல் கண்டு, மூணே நாள்ல முடிஞ்சு போச்சு. ரயில் பாதை முங்கிக் கெடந்துச்சு, ஒருத்தருக்கும் சொல்ல முடியல" என்றார்.

நான் ரசீதில் கையெழுத்துப் போட்டேன். லாரி தோட்டத்து வளைவைத் தாண்டிய பிறகு கதவைச் சாத்திவிட்டு அழுதேன். நண்பன் போன துக்கம் ஒருபுறம் இருக்க, இறந்த செய்தியோடு சேர்ந்து அந்தப் பட்டப்பெயரும் வந்தது என்னை அறைந்தது. செத்த பிறகும் அது அவரை விடவில்லை.

சவரிமுத்துவைத் தெரிந்தவர்கள் லாயாங் லாயாங்கிலும் சிகாமட்டிலும் நிறையப் பேர் இருக்கிறீர்கள். துரையின் புதுக் காரைக் கீறி வேலையை இழந்த டிரைவர் என்றே அவரை அறிவீர்கள். அவர் அந்தக் காரைக் கீறவில்லை. இதைச் சொல்ல வேண்டியவன் நான் ஒருவன்தான். பத்து ஆண்டுகளுக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

அந்தக் கார் வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. ரப்பர் விலை விழுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, சிங்கப்பூரிலிருந்து சரக்கு ரயிலில் தார்ப்பாய் போர்த்தி லாயாங் லாயாங் ஸ்டேஷனுக்கு வந்தது. நான் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் இரண்டாம் கிராணி. கையெழுத்திட்டு வண்டியை வாங்கப் போயிருந்தேன். ஓட்டிவரச் சவரியும் வந்திருந்தார். எங்கள் இருவருக்கும் அப்போது இருபத்தாறு வயது. ஆட்கள் தார்ப்பாயை உருவப் போனார்கள். சவரி பாய்ந்து நடுவில் நின்றார்.

"அலமாக்! இழுக்காதீங்க! பாய் பூரா மண்ணு. நாலு பேரு நாலு மூலையப் பிடிச்சு நேரா மேல தூக்குங்க."

தூக்கினார்கள். உள்ளே கறுப்புக் கார் கண்ணாடி போலப் பளபளத்தது. மூலையைப் பிடித்திருந்தவர்களில் ஒருவர் பாயை விடாமலே கதவில் முகம் பார்த்து மீசையை முறுக்கிக்கொண்டார். எல்லோரும் சிரித்தோம், சவரி மட்டும் சிரிக்கவில்லை. அந்தக் காரைச் சுற்றி இரண்டு முறை வந்து, எதையும் தொடாமல் பெருமூச்சு விட்டார்.

அதன்பிறகு எங்கள் தோட்டத்தில் அந்தக் காருக்கு நடந்த உபசாரம் துரையின் மனைவிக்குக்கூட நடந்ததில்லை. தினமும் காலையில் சவரி ஷெட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கல்யாண மோதிரத்தைக் கழற்றுவார். பிறகு இடுப்பு வார், பிறகு பித்தான் வைத்த சட்டை. எல்லாவற்றையும் ஓர் ஆணியில் மாட்டிவிட்டு வெறும் உடம்போடுதான் காருக்குப் பக்கத்தில் போவார். செம்மண் தூசியை உலர்ந்த துணியால் தொடவே மாட்டார். மழைத்தண்ணீரை வேட்டித் துணியில் வடிகட்டி மேலிருந்து மெதுவாக ஊற்றுவார். "தண்ணி முதல்ல, கை அப்புறம்" என்பார். துடைக்கிற துணி பலமுறை துவைத்துப் பழசானதாக இருக்க வேண்டும். அதன் தையல் விளிம்பைக் கிழித்து எறிந்திருப்பார். நூல் முடிச்சுகூடக் கோடு போடும் என்பது அவர் கணக்கு. மெழுகைக் கடுகளவு எடுத்துச் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்ப்பார். ரப்பர்க்காய் வெடிக்கும் பருவத்தில் மரத்தடியில் நிறுத்தச் சொல்லித் துரையே கேட்டாலும் நிறுத்த மாட்டார். கொட்டை தெறித்து விழுந்தால் வண்ணம் பெயர்ந்துவிடும் என்று வெயிலில் நிறுத்திவிட்டுத் தானும் வெயிலிலேயே நிற்பார்.

ஒருநாள் கேலியாக, "கார் என்ன, கண்ணாடியா?" என்று கேட்டேன்.

"வெள்ளைக் காருன்னா தூசிய மறைச்சிடும். கறுப்பு ஒண்ணையும் மறைக்காது, கிராணி. செஞ்சது அப்படியே தெரியும்" என்றார்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு லயத்து வரிசை வீடுகளிலிருந்து ஆட்கள் சந்தனமும் குங்குமமும் எடுத்துக்கொண்டு கூட்டமாக வந்துவிட்டார்கள். அவர்களை வேலை வாங்கும் கங்காணி கை நிறையச் சந்தனத்தைக் குழைத்தபடி முன்னால் வந்தார். சவரி வேதக்காரர், கிறிஸ்தவர்; தடுத்தால் வேறு அர்த்தம் ஆகிவிடும் என்று பயந்தேன். அவர் கங்காணியின் கையைப் பணிவாகப் பிடித்து முன்கண்ணாடிக்குக் கொண்டுபோனார். "மாமா, இங்க வைங்க. சாமி நேரா ரோட்டப் பார்த்துக்கிட்டு வரும்." கூட்டம் கொல்லென்று சிரித்தது. பொட்டு கண்ணாடியில் ஏறியது, எலுமிச்சம்பழம் சக்கரத்தில் நசுங்கியது, ஒருவர் மனமும் கோணவில்லை. அன்று பொங்கலும் சுண்டலும் அதிகம் வாங்கித் தின்றவர் சவரிதான்.

இனி என் விஷயத்துக்கு வருகிறேன்.

மாயவரத்தில் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். பெண்ணின் தகப்பனார் மாப்பிள்ளையின் படம் ஒன்று வேண்டும் என்று எழுதியிருந்தார். அந்தக் காலத்தில் மலாயாவிலிருந்து ஊருக்குப் போன மாப்பிள்ளைப் படங்களில் பாதிக்குமேல் ஒரு கார் நிற்கும். அது யாருடைய கார் என்று படம் சொல்லாது. எனக்கும் அந்த ஆசை வந்தது. துரை ரயிலில் சிங்கப்பூர் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, குளுவாங்கிலிருந்து ஒரு சீனப் படக்காரரை வரவழைத்தேன். கோட்டு இரவல். விரலில் மட்டும் சொந்தமாகச் சிவப்புக்கல் மோதிரம்.

"பக்கத்துல நில்லுங்க, தொடாதீங்க" என்றார் சவரி.

"தொடாமல் நின்றால் அடுத்தவன் கார் என்று தெரிந்துவிடுமே, சவரி."

"அடுத்தவன் காருதானே?"

கெஞ்சினேன். பெண் வீட்டார் பெரிய இடம், இந்தச் சம்பந்தம் தவறினால் வேறு அமையாது என்றெல்லாம் சொன்னேன். கடைசியில் அவர் மனம் இளகியது. மோதிரத்தைக் கழற்றச் சொன்னார். மோதிரம் தெரியாவிட்டால் படமே எதற்கு என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு, கதவின் மேல் நான் கை வைக்கும் இடத்தைத் துடைத்துவிட்டு, "வச்ச கை வச்சபடி இருக்கணும். எடுக்கும்போது இழுக்காம மேல தூக்குங்க" என்று சொல்லிக் காமிராவின் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

படம் எடுத்து முடிந்தது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். "எப்படி வந்திருக்கும்?" என்று கேட்டுக்கொண்டே காமிராவை நோக்கி நடந்தேன். கை கதவின் மேலேயே இழுபட்டு என்னோடு வந்தது. ஒரு சாண் நீளத்துக்கு, கறுப்பைக் கிழித்துக்கொண்டு, அடியில் இருந்த சாம்பல் நிறம் தெரிந்தது.

சவரி என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. சட்டையைக் கழற்றினார், மோதிரத்தைக் கழற்றினார், வேலையை ஆரம்பித்தார். இரண்டு நாள் மெழுகு போட்டுப் பார்த்தார். கீறலைச் சுற்றி இன்னும் பளபளப்பு ஏறியதே தவிர, கீறல் போகவில்லை. பளபளப்பு ஏற ஏற அது இன்னும் நன்றாகத் தெரிந்தது. நான் துரையிடம் சொல்லிவிடுகிறேன் என்று சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அவர் நிமிரவே இல்லை.

"ஆபீஸ் ஆளு காரைத் தொட்டா வேலை போயிடும். வேலை போனா பொண்ணு வராது. எனக்குக் கட்டி முடிச்சாச்சு, மரியாம்மா ஓடியா போயிடப் போறா? ஒரு திட்டு விழும், வாங்கிக்கிறேன். நீங்க வாயத் தொறக்காதீங்க."

மூன்றாம் நாள் துரை வந்தார், பார்த்துவிட்டார். அந்தத் துரை மலாயாவுக்குப் புதிது, தமிழ் பிடிபடவில்லை. டிரைவரை விசாரிக்க மொழிபெயர்ப்புக்கு ஒரு கிராணி வேண்டியிருந்தது. என்னைக் கூப்பிட்டார்.

நான் நடுவில் நின்றேன். துரை கேட்டதைத் தமிழில் கேட்டேன். சவரி என் கண்ணைப் பார்த்து, "என் கைதாங்க. தொடைக்கும்போது மோதிரத்தக் கழட்ட மறந்துட்டேன்" என்றார். மோதிரத்தைக் கழற்ற மறந்தாராம், சவரிமுத்து! அந்தப் பொய்யை இங்கிலீஷில் துரைக்குச் சொன்னது என் வாய்தான். திக்காமல், திணறாமல், நல்ல இலக்கணத்தோடு சொன்னேன். துரை திட்டோடு விடவில்லை. அந்த வார முடிவுக்குள் தோட்டத்தை விட்டுப் போகும்படி சொன்னார். அதையும் நான்தான் சவரிக்குத் தமிழில் சொன்னேன். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் என் மேசைக்குத் திரும்பினேன்.

ஸ்டேஷனில் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தபோது எனக்குக் கண் கலங்கியது. அவர் சிரித்தார். "படம் புடிச்ச பிறகுதானே கீறினீங்க. படத்துல கார் சுத்தமா இருக்கும். பொண்ணு வீட்டுக்கு அனுப்பிடுங்க." அனுப்பினேன். கல்யாணம் நடந்தது.

சிகாமட்டில் அவருக்கு ஒரு மளிகைக் கடையின் அரிசி லாரிதான் கிடைத்தது. கார் வைத்திருந்தவர்கள் யாரும் அவரைச் சேர்க்கவில்லை. கதை அவருக்கு முன்னாலேயே ரயிலேறிப் போய், கீறல் சவரி என்ற பெயரையும் வாங்கிக் கொடுத்திருந்தது. பளபளக்கும் ஒரு வண்டி அதன்பின் அவர் கைக்கு வரவே இல்லை. நான் தோட்டத்து வேலையாக அங்கே போகும்போதெல்லாம் அவர் வீட்டில்தான் சாப்பாடு. ஒருமுறை அவர் லாரியைக் கழுவிக்கொண்டிருந்தபோது போய்ச் சேர்ந்தேன். மூட்டை உரசி உரசிச் சொரி பிடித்த லாரி. மோதிரமும் வாரும் சட்டையும் பக்கத்து வேலியில் தொங்கிக்கொண்டிருந்தன. நான் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார். "பழகிப் போச்சு, கிராணி" என்றார்.

மரியாம்மா நல்ல மனுஷி. நாக்கு மட்டும் நீளம். மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே, "கை நெதானம் இல்லாத மனுசன். ராஜா மாதிரி இருந்த வேலைய ஒரு மோதிரத்தால கெடுத்துக்கிட்டாரு" என்று ஆரம்பிப்பார். சவரி குனிந்து சாப்பிடுவார். எப்போதாவது, "கிராணிக்கு இன்னொரு துண்டு போடு" என்பார். நானும் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவேன்.

ரயில் ஓடத் தொடங்கியதும் துக்கத்துக்குப் போனேன். சுவரில் இன்னும் வெள்ளத்தின் கறை இருந்தது. மரியாம்மா அழுது அழுது குரல் போயிருந்தார். "முப்பதாம் நாள் பூசைக்கு மாதா படத்துக்குப் பக்கத்துல வைக்க அவரு படம் ஒண்ணுகூட இல்லையே, கிராணி. இன்னும் கொஞ்ச நாள்ல முகமே மறந்து போயிடுமோன்னு பயமா இருக்கு. தோட்டத்துல இருந்தப்ப யாராச்சும் எடுத்தாங்களா?"

"இல்லை" என்றேன்.

வீட்டுக்கு வந்து அதை என் மனைவி சௌந்தரத்திடம் சொன்னேன். அவள் உள்ளே போய், மாயவரத்திலிருந்து கொண்டுவந்த பெட்டியின் அடியிலிருந்து அந்தப் படத்தை எடுத்து வந்தாள். சுவரில் மாட்டக் கூடாது என்று நான் பிடிவாதம் பிடித்த படம். "கல்யாணமான புதுசிலேயே கேட்டேன், கதவுக்குள்ள ஒருத்தர் நிக்கிறாரே யாருன்னு. படக்காரன்னு சொன்னீங்க. இப்பப் பாத்துச் சொல்லுங்க" என்றாள்.

பார்த்தேன். என் கைக்குக் கீழே, அந்தக் கறுப்புக் கதவின் பளபளப்பில் பிரதிபலித்து, காமிராவின் முக்காலிக்குப் பக்கத்தில் சவரிமுத்து நின்றுகொண்டிருந்தார். தோளில் துணி. மூக்கு, மீசை, பெருமைப்பட்டுக்கொண்டிருந்த அந்தச் சிரிப்பு, எல்லாம் தெளிவாக இருந்தன. அவர் அன்று காலையில் தேய்த்த தேய்ப்பு அப்படி.

முப்பதாம் நாளுக்கு முன்பே படத்தைக் கொண்டுபோய் மரியாம்மாவிடம் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். "துணிய எடது தோள்லதானே போடுவாரு? இதுல வலதுல இருக்கே" என்றார். கண்ணாடியில் தெரிவது மாதிரி மாறித் தெரிகிறது என்றேன். பிறகு படத்தில் என் மோதிரத்தைக் காட்டி, நடந்ததையெல்லாம் சொன்னேன்.

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. "என்கிட்டகூடச் சொல்லலையே அவரு" என்றார். படத்தை மடியில் வைத்துக்கொண்டு, "பத்து வருசமாத் திட்டுனேன். நீங்க பக்கத்துல உக்காந்து சோறு தின்னுக்கிட்டே கேட்டீங்களே, கிராணி" என்றார்.

மரியாம்மா எழுந்து போய்க் கத்தரிக்கோலைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "கதவு மட்டும் போதும். நீங்க இதுல வேணாம். உங்க கையாலயே வெட்டுங்க."

வெட்டினேன். கதவின் மேல் இருந்த என் கையையும் எடுத்துவிடுவதற்காகக் கத்தரியை வளைத்தபோது தடுத்தார். "அது இருக்கட்டும். கீறுன கை எதுன்னு கேக்குறவங்களுக்குக் காட்டணும்." கடைத்தெருப் படக்காரர் அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொடுத்தார். முப்பதாம் நாள் பூசையன்று வந்தவர்கள் எல்லோரும் அதைப் பார்த்தீர்கள். மேலே தெரியும் மோதிரக் கை யாருடையது என்று சிலர் கேட்டீர்கள். என்னுடையது.

சவரிமுத்துவிடமிருந்து எனக்கென்று எடுத்துக்கொண்டவை இரண்டு. வெட்டியதுபோக மீந்த படம் ஒன்று. இரவல் கோட்டோடு, மணிக்கட்டுக்குக் கீழே கை இல்லாமல், எதன்மேலும் சாயாமல் ஒருவன் சிரித்துக்கொண்டிருக்கிறான். அதை ஆபீஸில் என் மேசைக்கு எதிரே மாட்டியிருக்கிறேன். இன்னொன்று அந்தப் பட்டப்பெயர். அவரை இனி சவரிமுத்து என்றே சொல்லுங்கள். கடைத்தெருவில் யாராவது "கீறல்" என்று கூப்பிட்டால், நான் திரும்பிப் பார்ப்பேன்.