ஏழாம் நம்பர் பதிவு செய்த பதினான்கு புகார்கள்

குழாய் மெக்கானிக் வேலையில் எனக்கு இருபத்திரண்டு வருடம் ஆகிறது. குழாயைச் சரிசெய்துவிடலாம், குழாய்க்குச் சொந்தக்காரர்களைத்தான் ஒன்றும் செய்ய முடியாது. மெயின் வால்வைத் தாங்களே மூடிவைத்துவிட்டு, தண்ணீர் வரவில்லை என்று என்னை நாலு மாடி ஏறவைப்பார்கள். ஏறிப்போய்த் திறந்துவிட்டால் நன்றி சொல்லமாட்டார்கள். "இதுக்கா இவ்வளவு நேரம்?" என்பார்கள். நான் படி இறங்கும்போது வாய்விட்டுத் திட்டிக்கொண்டே இறங்குவேன். கீழே வருவதற்குள் கோபம் ஆறிவிடும். ஆனால் இதே ஆட்களிடம் தினமும் எழுபது முறை போனில் பேசுகிறாளே ஏழாம் நம்பர், அவளுக்கு இறங்கப் படியும் இல்லை, திட்ட அனுமதியும் இல்லை.

ஏழாம் நம்பர் என்றால், எங்கள் குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் ஏழாவது சீட்டில் உட்கார்ந்திருக்கும் பெண். வயது முப்பத்தைந்துக்குள் இருக்கும். நேரில் நாலைந்து தடவைதான் பார்த்திருக்கிறேன். குரல் மட்டும் வீட்டு ஆட்களின் குரல் போலப் பழக்கம், ஏனென்றால் எனக்கு வேலை ஒதுக்குபவளே அவள்தான். ஐந்து வருடத்தில் அந்தக் குரல் ஒரு முறைகூட உயர்ந்து நான் கேட்டதில்லை.

உயர்த்தவும் முடியாது. அங்கே ஒவ்வொரு அழைப்பும் பதிவாகிறது. ஒரு அழைப்புக்கு மூன்று நிமிடம். எதிர்முனையில் இருப்பவர் என்ன சொன்னாலும் "புரியுதுங்க" என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். பெருமூச்சு விட்டால்கூட மதிப்பெண் குறையும். பக்கத்து வீட்டுக் குழாய் சொட்டும் சத்தத்தில் தூக்கம் வரவில்லை, அவர்களைக் கைது செய்ய முடியுமா என்று ஒருவர் கேட்டார். போன மாதத் தண்ணீர் நன்றாக இருந்தது, அதையே மறுபடி விடுங்கள் என்று ஒரு அம்மா கேட்டார். எல்லோருக்கும் ஏழாம் நம்பர் "புரியுதுங்க" என்றாள். எனக்கு மட்டும் புரியவில்லை, இந்தப் பெண் இத்தனையையும் எங்கேதான் கொண்டுபோய்க் கொட்டுகிறாள் என்று. ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அதுவும் புரிந்துவிட்டது.

அதற்கு முன் எங்கள் வேலைத்தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு புகார் பதிவாகி ஏழு நாள் முடிக்கப்படாமல் கிடந்தால் கம்ப்யூட்டர் தானாகவே ஒரு தாளை அச்சடித்துத் தள்ளும். மேல்பாதியில் என்ன புகார் என்று இருக்கும், அது மெக்கானிக்குக்கு. கீழ்ப்பாதியில் புகார் எண், என்ன வேலை செய்தோம், வீட்டுக்காரர் கையெழுத்து. அதைக் கிழித்து அன்றைக்கே ஐந்து மணிக்குள் அதிகாரி மேஜையில் வைக்க வேண்டும். ஒரு வரியில் கையெழுத்து இல்லாவிட்டாலும் அதிகாரி அந்தப் புகாரைத் தானே திறந்து படிப்பார். பொய்ப் புகார் என்று தெரிந்தால் பதிவு செய்தவருக்கு அன்றோடு வேலை போய்விடும். போன வருடம் மூன்றாம் நம்பர் அப்படித்தான் பையைத் தூக்கிக்கொண்டு போனார்.

அன்றைக்கு எனக்கு வந்த தாளில் ஒரே வீட்டுக்குப் பதினான்கு புகார். ஒரே வீட்டில் பதினான்கு குழாய் இருக்கிறதோ என்று எண்ணியபடி மூன்று மாடி ஏறி, கதவு முன்னால் நின்றுதான் முதல் வரியைப் படித்தேன்.

'குளித்துவிட்டு ஈரத் துண்டைக் கட்டிலில் போடுவது. தினமும்.'

எனக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறிவிட்டது. இதற்கு நான் என்ன ஸ்பேனரைக் கொண்டுவருவது? கதவைத் திறந்தவர் பஸ் டிரைவர். காலை ஷிப்ட் முடிந்து வந்திருக்கிறார், காக்கிச் சட்டையில் பாதிப் பொத்தான் கழன்றிருந்தது. நான் வணக்கம்கூடச் சொல்லவில்லை. "என்ன எழுதிக் குடுத்திருக்கீங்கன்னு நீங்களே படிச்சுப் பாருங்க சார்" என்று தாளை அவர் கையில் திணித்தேன். என் வாழ்க்கையில் செய்த மடத்தனங்களில் இதற்குத் தனி இடம் உண்டு.

அவர் படித்துச் சிரித்தார். "துண்டா? யாரு சார் இந்த ஆளு, அப்படியே என்னை மாதிரி?" என்றார். அவர் தோளுக்குப் பின்னால் கட்டில் தெரிந்தது. கட்டிலில் துண்டு கிடந்தது.

இரண்டாவதையும் படித்தார். 'பாட்டிலில் ஒரு மடக்கு மட்டும் மிச்சம் வைத்து ஃபிரிட்ஜில் திருப்பி வைப்பது. காலி செய்தால் நிரப்ப வேண்டுமே.' சிரிப்புக் கொஞ்சம் குறைந்தது. நாலாவது, 'சமையலறைக் குழாய் எட்டு மாதமாகச் சொட்டுகிறது. நான் குடிநீர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன் என்று வெளியில் சொல்ல வெட்கமாக இருக்கிறது.' அங்கே அவர் நிறுத்திவிட்டார்.

"சார், என் வீட்டுக்காரி உங்க ஆபீஸ்லதான் போன் எடுக்கறா" என்றார் மெதுவாக.

அப்போதுதான் நான் தாளின் ஓரத்தைப் பார்த்தேன். பதிவு செய்தவர் என்ற இடத்தில் பதினான்கு வரியிலும் ஏழு, ஏழு, ஏழு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தாளைத் திருப்பி வாங்கக் கை நீட்டினேன். அவர் அதற்குள் நாற்காலியில் உட்கார்ந்து ஆறாவதைப் படித்துக்கொண்டிருந்தார்.

வேலை நடக்கும் இடத்துக்குப் போனதும் பதிவு செய்தவருக்குப் போன் செய்ய வேண்டும் என்பது எங்கள் விதி. செய்தேன்.

"ஸ்பாட்டுக்கு வந்துட்டேன்மா. மஞ்சள் கேட், மூணாவது மாடி. பதினாலு புகார். எல்லாம் ஏழாம் நம்பர் பதிவு."

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? லைன் பதிவாகிறதே.

"புரியுதுங்க அண்ணா" என்றாள். "வாடிக்கையாளர் வீட்ல இருக்காருங்களா?"

"இருக்கார்மா."

"தாள் யார் கையில இருக்கு?"

"அவர் கையில."

"எந்த எண் வரைக்கும் வந்திருக்கார்?"

"ஏழாவது ஓடிட்டிருக்கு."

"அஞ்சு மணிக்குள்ள கையெழுத்தோட வந்துடணும் அண்ணா" என்றாள். குரல் உயரவில்லை. ஆனால் கடைசி வார்த்தை நடுங்கியது, அதை எந்த மெஷினும் பதிவு செய்திருக்காது.

நடந்தது என்ன என்று அவள் பிறகு சொன்னதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்களுக்குத் தலை சுற்றும். இரண்டு அழைப்புகளுக்கு நடுவில் கிடைக்கும் அரை நிமிடத்தில் அவள் தன் எரிச்சல்களைப் புகார்ப் படிவத்திலேயே தட்டிவைப்பாளாம். இணைப்பு எண் கொடுக்காவிட்டால் படிவம் ஏற்காது. அதனால் தன் வீட்டு எண்ணைக் கொடுப்பாள். சாயங்காலம் எழுந்திருக்கும் முன் ஒவ்வொன்றாக 'தீர்ந்தது' என்று அமுக்கிவிட்டுப் போவாள். அமுக்கும்போது நிஜமாகவே ஏதோ தீர்ந்த மாதிரி இருக்குமாம். போன வாரம் திங்கட்கிழமை மூன்று மணிக்கு அவளுக்குக் காய்ச்சல் அனலாய் அடித்து, பக்கத்து சீட்காரர்கள் ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அன்றைய பதினான்கும் திறந்தபடியே கிடந்துவிட்டன. வாரம் முழுக்கப் படுத்திருந்து, அந்தச் செவ்வாய்க்கிழமைதான் வேலைக்குத் திரும்பியிருந்தாள். அவள் சீட்டில் உட்காருவதற்குள் தாள் அச்சாகிவிட்டது.

மணி மூன்றேகால். டிரைவரிடம் விஷயத்தை உடைத்துச் சொன்னேன். பதினான்கு கையெழுத்து வேண்டும், இல்லாவிட்டால் உங்கள் வீட்டுக்காரிக்கு வேலை இல்லை. அவர் கோபப்படுவார் என்று பயந்தேன். பேனாவைக் கேட்டார்.

"சும்மா போடமாட்டேன் சார். தீர்ந்தாத்தானே தீர்ந்ததுன்னு போடணும்?" என்று எழுந்தார். மனுஷன் பஸ்ஸைக் கிளப்பும் வேகத்தில் கிளம்பிவிட்டார். துண்டு கொடிக்குப் போனது, ஒரு கையெழுத்து. பாட்டில்கள் நிரம்பின, இன்னொன்று. சமையலறைக் குழாயை நான் கழற்றினேன். வாஷர் தேய்ந்து நூலாகியிருந்தது. ஐந்து நிமிட வேலை. அதற்கு எட்டு மாதமா என்று அவரைப் பார்த்தேன். அவர் ஃபிரிட்ஜைப் பார்த்தார். என் வீட்டுக் கொல்லைக் குழாயும் ஒரு வருடமாகச் சொட்டுகிறது என்பதை நான் சொல்லிக்கொள்ளவில்லை.

ஆறாவது, கிளம்பும் நேரத்தில் சாவி எங்கே என்று வீட்டையே கூப்பிடுவது. கதவுக்குப் பின்னால் ஒரு ஆணி அடித்தேன். எட்டாவது, மாடி வீட்டில் விடியற்காலையில் நாற்காலியை இழுப்பது. பையிலிருந்த ரப்பரை நாலு துண்டாக வெட்டி, மாடிக்குப் போய் அந்த நாற்காலியின் கால்களில் ஒட்டிவிட்டு வந்தேன். பதினொன்றாவது மாமியாரைப் பற்றியது. 'என் குரல் நன்றாகக் கேட்கும் காதுக்கு டிவி மட்டும் கேட்பதில்லை.' டிரைவர் உள்ளே போய் அம்மாவின் டிவி சத்தத்தைப் பாதியாகக் குறைத்தார்.

"ஏன்டா குறைச்சே?"

"கேக்குதாம்மா?"

"கேக்கத்தான் கேக்குது. கூட வச்சா துணைக்கு ஆள் இருக்கற மாதிரி இருக்கும்" என்றார் அந்த அம்மா. டிரைவர் டிவியைக் குறைத்தபடியே விட்டுவிட்டு, அம்மாவின் நாற்காலியைத் தூக்கிவந்து கூடத்தில் எங்களுக்குப் பக்கத்தில் போட்டார்.

ஒன்பதாவதை வேண்டுமென்றே தாண்டி வந்திருந்தோம். 'நான் பேச ஆரம்பித்தால் ம் என்பது. எதற்கு ம் என்று கேட்டால் அதற்கும் ம்.' அவர் அதையும் படித்தார். "ம்" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. அசடு வழியக் கையெழுத்துப் போட்டார்.

பதிமூன்று முடிந்தபோது மணி நாலு பத்து. அலுவலகம் அரைமணி தூரம். பதினான்காவதில் அவர் பேனா நின்றது.

'வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் அவர் பயணிகளைப் பற்றிச் சொல்கிறார். அத்தை முழங்காலைப் பற்றிச் சொல்கிறார். மகள் டீச்சரைப் பற்றிச் சொல்கிறாள். எல்லோருக்கும் புரியுதுங்க என்கிறேன். உனக்கு இன்றைக்கு எப்படிப் போச்சு என்று என்னை ஒருவரும் கேட்டதில்லை. இந்த சீட்டுக்கு வந்து ஐந்து வருடம்.'

"போடுங்க சார், நேரம் ஆகுது" என்றேன்.

"இதை எப்படி சார் போடறது? இது தீரலையே."

"ஒரு கையெழுத்துதானே."

"பொய்க் கையெழுத்து போடச் சொல்றீங்களா? அவகிட்டயே?" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவர் மேல் இல்லை. ஐந்து வருடமாக அவளுக்குத் தினமும் பத்துப் போன் செய்கிறேன், நானும் ஒரு நாள் கேட்டதில்லை. மறுபடி ஏழாம் நம்பருக்கு அடித்து, ஒன்றும் பேசாமல் போனை அவர் கையில் கொடுத்தேன்.

அவர் எழுந்து நின்றார். சட்டைப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டார், ஏதோ அதிகாரி முன்னால் நிற்பது போல.

"வணக்கம்ங்க. நான் வாடிக்கையாளர் பேசறேன்" என்றார். பதிவாகும் லைன் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. "பதினாலாவது புகார் விஷயமா. அது இன்னும் இருக்குங்களா?"

நான் பக்கத்தில் நின்றதால் அவள் குரல் எனக்கும் கேட்டது. "இருக்குங்க."

"தப்பு எங்க பக்கம்தாங்க. ரொம்ப நாளா கவனிக்காம விட்டுட்டோம். இன்னைக்கே சரி பண்ண ஆரம்பிச்சா, நான் இப்ப கையெழுத்துப் போடலாங்களா?"

மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. அதற்கு எத்தனை மதிப்பெண் குறைத்தார்களோ தெரியாது.

"போடலாங்க" என்றாள். "ஷிப்ட் அஞ்சரைக்கு முடியுதுங்க."

"அஞ்சேகாலுக்கே கேட்ல நிக்கறேங்க" என்றார் டிரைவர்.

கீழ்ப்பாதியைக் கிழித்துக்கொண்டு பறந்தேன். நாலு ஐம்பத்தைந்துக்கு அதிகாரி மேஜையில் வைத்தபோது, செய்த வேலை என்ற இடத்தில் பதினான்கு வரியிலும் 'வாஷர் மாற்றப்பட்டது' என்று எழுதியிருந்தேன். அவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"ஒரே வீட்ல பதினாலு வாஷரா?"

"பழைய வீடு சார். யாரும் கவனிக்கல."

அவர் கையெழுத்துகளை ஒவ்வொன்றாக எண்ணினார். பதினான்கும் இருந்தன. தாளைக் கோப்பில் செருகினார்.

மறுநாள் காலை எட்டரைக்கு என் போன் அடித்தது. ஏழாம் நம்பர். வழக்கம்போல முதல் வேலையின் முகவரியைச் சொன்னாள். எழுதிக்கொண்டேன். வைக்கப் போனவளை நிறுத்தினேன்.

"ஏம்மா, பதினாலாவது முடிஞ்சுதா?"

லைன் பதிவாகிறது என்பதை முதல் முறையாக மறந்து அவள் சிரித்தாள்.

"எங்கண்ணா முடியறது? நேத்து ஆபீஸ் கேட்ல ஆரம்பிச்சேன். அவரும் கேட்டுக்கிட்டே இருக்கார். இன்னும் முதல் வருஷமே தாண்டல."