மூன்று முறை அழைத்தும் எடுக்கவில்லை

தையல்காரிக்குக் காது கேட்காது. பன்னிரண்டு வயதில் வந்த காய்ச்சல் காதைக் கொண்டுபோய்விட்டது. வாய் மட்டும் மிஞ்சியது. ஆத்திரம் வந்தால் தெருக்கோடி வரை கேட்கும். காது கேளாதவள் என்றுதான் அரசாங்கம் அவளுக்கு மாதாமாதம் உதவித்தொகை கொடுத்தது. திடீரென்று அதை நிறுத்திவிட்டு ஒரு கடிதம் அனுப்பினார்கள்: "சரிபார்ப்புக்காக மூன்று முறை தொலைபேசியில் அழைத்தும் தாங்கள் எடுக்கவில்லை."

காது கேட்காதவளைப் போனில் கூப்பிட்டிருக்கிறார்கள், புண்ணியவான்கள்!

நாலு தடவை அந்த அலுவலகத்துக்கு நடையாய் நடந்தாள். குமாஸ்தா கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே பேசினான். உதடு தெரிந்தால்தானே அவளுக்குப் புரியும்?

"நிமிர்ந்து பேசுங்க சார்!" என்று கத்தினாள். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் நிமிர்ந்தார்கள். அவன் நிமிரவில்லை.

உதவித்தொகை இல்லாவிட்டால் வாடகை கொடுக்க முடியாது. அப்புறம் அண்ணன் வீடுதான் கதி. "எதுக்கும்மா இந்த அலைச்சல்? பேசாம எங்களோட வந்து இரு," என்று சொல்லி, மூட்டை முடிச்சு கிடந்த அறையை அவர் ஒழித்தே வைத்துவிட்டார். நல்ல மனுஷன்தான். ஆனால் அந்த வீட்டில் அவளுக்காக எல்லோரும் பேசுவார்கள், அவளிடம் ஒருவரும் பேசமாட்டார்கள்.

கடைசியில், எந்த அலுவலகத்துக்கும் கட்டுப்படாத புகார் விசாரணை மையம் ஒன்று இருப்பதைக் கேள்விப்பட்டு எழுதிப் போட்டாள். இரண்டு மாதம் கழித்து வரச்சொன்னார்கள். குமாஸ்தாவும் வந்திருந்தான். துணைக்கு வந்த அண்ணன் உட்காரும்போதே ஆரம்பித்துவிட்டார்: "அவளுக்கு என்ன தெரியும் மேடம், நான் சொல்றேன்..."

விசாரணை அதிகாரி கையைக் காட்டி அவரை நிறுத்தினார். தையல்காரியின் முகத்தைப் பார்த்து, நிதானமாக, "நீங்க சொல்லுங்க," என்றார். அவள் கொட்டித் தீர்த்தாள்.

"ரூல்படி மூணு தடவை கூப்பிட்டோம் மேடம்," என்றான் குமாஸ்தா.

"இப்ப ஒரு தடவை கூப்பிடுங்க."

அவன் எண்ணை அழுத்தினான். அவளுடைய பைக்குள் போன் அலறியது. எல்லோரும் பையைப் பார்த்தார்கள். அவள் மட்டும் அதிகாரியின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். குமாஸ்தா அன்றுதான் முதல்முறையாக நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான்.

பதினைந்து நாளில் பாக்கியெல்லாம் சேர்ந்து வந்தது, கூடவே ஒரு மன்னிப்புக் கடிதமும். அவள் உடனே அண்ணனுக்குச் செய்தி அனுப்பினாள்: "மூட்டையெல்லாம் மறுபடி அந்த ரூம்லயே அடுக்கிடுண்ணா. நான் வரல."

படித்ததும் அண்ணன் பதறிப்போய்ப் போன் போட்டார். மூன்று முறை போட்டார். தையல் மெஷின் பக்கத்தில் போன் மினுங்கி மினுங்கி அணைந்ததை இந்தத் தடவை அவள் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தைத்துக்கொண்டே இருந்தாள்.