ஸ்டெல்லாவிடம் அழுத மல்லிகா

லாஸ்பேட்டையில் தெரிந்தவர்களுக்கெல்லாம் தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் பைபிள் வசனம் அனுப்புவேன். பூப்படம், பின்னணி இசை எல்லாம் உண்டு. ஆனாலும் கஷ்டம் வந்தால் எல்லாரும் தேடியது குருசுக்குப்பத்திலிருந்து மீன் கொண்டுவரும் ஸ்டெல்லாவைத்தான். மீன் விலை சொல்லும் வாய்ஸ் மெசேஜிலேயே அவள் இரண்டு வரி ஜெபமும் சொல்வாள். எனக்கு வயிறு எரியும்.

ஒருநாள் எதிர்வீட்டு மல்லிகா ஸ்டெல்லாவின் கையைப் பிடித்து அழுதுவிட்டுப் போனதைப் பார்த்தேன். மல்லிகா சர்ச்சுக்கு அல்ல, கோயிலுக்குப் போகிறவள்.

"மீன் விக்க வந்தியா, பிரசங்கம் பண்ண வந்தியா?" என்றேன்.

"போக்கா! மீன் வெட்டிக்கினே வீட்டுக்காரரு எப்படி இருக்காருன்னு கேட்டேன். நாளைக்கு ஆபரேஷனாம், அழுதுட்டுது. உனக்குத்தான் மொதல்ல மெசேஜ் போட்டுச்சாமே?"

வீட்டுக்கு வந்து போனைப் பார்த்தேன். என் வசனங்களுக்கு 'ஆமென்' என்றுதான் பதில் வரும் என்று நான் எதையும் திறப்பதில்லை. அவற்றுக்கு நடுவே மல்லிகா ஒரு வாரத்துக்கு முன் எழுதியிருந்தாள்: 'அக்கா, பயமா இருக்கு. அவருக்காக ஜெபம் பண்ணுங்க.' அதற்குக் கீழே நான் அனுப்பிய ஏழு பூப்படங்கள்.

உடனே அவள் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"வாங்கக்கா. ஸ்டெல்லா சொல்லி அனுப்புச்சா?"

ஆமாம் என்றேன். பொறாமை அப்போதும் சுருக்கென்று குத்தியது. ஆனால் உண்மை அதுதானே.